சிவப்பு மையில் நான்கு வரிகள்

பாண்டுப் ஸ்டேஷனுக்கு மேற்கே, மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் சால்களில் ஒன்று. மாலை ஏழு மணி. ஆறாம் வகுப்புப் பையனின் பள்ளி டைரியில் சிவப்பு மையில் நான்கு வரிகள், ஆங்கிலத்தில். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. டைரியைப் பையனே படித்துச் சொல்கிறான். "நாளைக்கு உன்னைய வரச் சொல்லிருக்காங்கம்மா." எதற்காம்? "சும்மாதான்." குற்றப்பத்திரிகையைக் குற்றவாளியே மொழிபெயர்த்தால் அது சுருக்கமாகத்தான் இருக்கும்.

இந்தத் தாய்க்குப் பெயர் தேவையில்லை. தாராவியிலும் செம்பூரிலும் இவரைப் போல் பலர். மறுநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளி அலுவலக பெஞ்சில் காத்திருக்கிறார். வகுப்பில் பேசுகிறான், வீட்டுப்பாடம் முடிப்பதில்லை, பக்கத்துப் பையனை அடித்தான் என்று பட்டியல் வாசிக்கப்படுகிறது. கடைசியில் ஓர் எச்சரிக்கை: "இப்படியே போனால் எல்.சி.யை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்." தமிழ்நாட்டு டி.சி.தான் மும்பையில் எல்.சி. பயந்துபோன தாய், ஊரில் தன் அப்பா வாத்தியாரிடம் சொன்னதையே சொல்கிறார்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க."

அந்த அனுமதியைக் கொடுக்க அவருக்கும் உரிமையில்லை. வாங்கிக்கொள்ளப் பள்ளிக்கும் உரிமையில்லை. பிரம்படிக்கு இடம் தந்த டெல்லி பள்ளிக் கல்வி விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. 2003-ல் தமிழக அரசு தன் கல்வி விதிகளைத் திருத்தியது. 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, அடியை மட்டுமல்ல, மனதை நோகடிக்கும் தண்டனையையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையை வெளியேற்றக் கூடாது என்கிறது 16-ம் பிரிவு. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று 2019-ல் திருத்தம் வந்தபோதும் இந்தத் தடையில் மாற்றமில்லை. எல்.சி. மிரட்டல் வெறும் மிரட்டல்தான்.

ஆனால் ஒரு சிக்கல். சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மும்பையில் கான்வென்ட்டுகள் மட்டுமல்ல, மொழிச் சிறுபான்மை அந்தஸ்து பெற்ற தமிழர் பள்ளிகளும் இதில் அடங்கும். அதற்காகப் பிரம்புக்கு லைசென்ஸ் கிடைத்துவிடாது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம்.

சட்டம் ஒருபுறம், வழக்கம் மறுபுறம். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் மூவருக்கு இருவர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். அதற்கு மேல் பிள்ளைகளை அடைத்து வைத்துவிட்டு, பிரம்பையும் பிடுங்கிக்கொண்டு, மாற்று வழி எதையும் சொல்லித் தராமல் விட்டால் அவர் என்ன செய்வார்? பெற்றோரைக் கூப்பிடுவார்.

கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். ஆனால் கும்பிடுவதற்கு அல்ல, கேட்பதற்கு. என்றைக்கு, எந்தப் பாட வேளையில் நடந்தது? அதற்கு முன் என்ன நடந்தது? வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், வகுப்பில் ஆங்கிலம் என்று வாழும் பையன், பாடம் புரியாவிட்டால் பக்கத்துப் பையனுடன்தான் பேசுவான். கரும்பலகை தெரியாதவனுக்குத் தேவை கண்ணாடி. எழுத்துகள் குழம்பினால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். பரிசோதித்துச் சான்றிதழ் தரும் சயான் மருத்துவமனை, அதே சென்ட்ரல் லைனில்தான் இருக்கிறது. சான்றிதழ் உள்ளவர்களுக்கு மகாராஷ்டிர எஸ்.எஸ்.சி. தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. எல்.சி. தருவோம் என்றால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். அடி விழுந்தால், 1996-ல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 எண் இருக்கிறது.

பாண்டுப் தாய்க்கு இவை எதுவும் தெரியாது. ஆனால் அன்று மாலை ஒரு காரியம் செய்தார். மாடி வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் டைரியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்று வரிகள், காலையில் கேட்ட அதே பட்டியல். நான்காவது வரியைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை, பையனும் சொல்லவில்லை: 'வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்க மறுக்கிறான்.'

ஓங்கிய கையை இறக்கிவிட்டு அம்மா கேட்டார்: "ஏம்ல வாசிக்க மாட்டேங்கிற?"

நீண்ட நேரம் கழித்துப் பதில் வந்தது. "நான் வாசிச்சா எல்லாரும் சிரிக்காங்கம்மா."

அடுத்த நாளும் அவர் பள்ளிக்குப் போனார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை.