ஆயிரம் ரூபாயும் ஆள் கிடைக்காத கதையும்

களை எடுக்க ஆள் வரவில்லை என்றால் பழி ரேஷன் அரிசியின் மேல் விழும். சித்தாள் வரவில்லை என்றால் நூறு நாள் வேலையின் மேல். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி, சுமார் 1.06 கோடிப் பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் போகத் தொடங்கியதும், பழி சுமக்க மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. ‘சும்மா காசு வந்தா எவ வேலைக்கு வருவா?’ என்ற கேள்வி டீக்கடையோடு நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில், வீடற்றோர் தொடர்பான வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வே, இலவசங்களால் மக்கள் வேலை செய்ய விரும்புவதில்லை, ஒட்டுண்ணிகளை உருவாக்குகிறோமா என்று கேட்டது.

மாதம் ஆயிரத்தைக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் என்று அழைப்பது மிகைதான். நாளுக்கு 33 ரூபாயில் யாருக்கும் வயிறு நிறையாது. ஆனாலும் கொள்கை அதேதான்: எதற்குச் செலவழிக்கிறாய் என்று கேட்காமல், மாதம் தவறாமல் பணமாகவே கொடுப்பது. அதற்கு எதிராகச் சொல்லப்படுபவை உலகெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அவற்றைச் சோதித்துப் பார்த்த ஊர்களும் நிறைய உண்டு.

முதல் குற்றச்சாட்டு, சோம்பல். 2011இல் மத்தியப் பிரதேசத்தில் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் சங்கம், யுனிசெஃப் உதவியோடு எட்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. ஊரில் இருந்த எல்லோருக்கும், நிலம் உள்ளவர் இல்லாதவர் என்று பார்க்காமல், பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் கொடுத்தார்கள். பிறகு அது 300, 150 என உயர்ந்தது. பணம் கிடைக்காத 12 ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பணம் கிடைத்த ஊர்களில் உழைப்பு குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் இடம் மாறியிருந்தது. அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் தங்கள் துண்டு நிலத்தில் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். விதையும் உரமும் ஆடுமாடும் வாங்கினார்கள்.

சோம்பேறிப் புகாரின் வேர் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்பவர், ‘நான் தரும் கூலிக்கு’ என்பதை விழுங்கிவிடுகிறார். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்து, வருவாய்க் கோட்டாட்சியர் வந்து மீட்ட செய்திகள் புதியவை அல்ல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் முறை ஒழியாததற்கு முக்கியக் காரணம் அவசரத்துக்கு வேறு எங்கும் பணம் புரளாததுதான். ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு மழைக்காலம் போதும், முன்பணத்துக்குக் கை நீட்ட. கையில் கொஞ்சம் இருப்பவர் ‘இந்தக் கூலிக்கு வர மாட்டேன்’ என்று சொல்லலாம். கேட்பவருக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்.

மற்ற நாடுகளின் கதையும் ஏறத்தாழ இதுதான். அலாஸ்கா மாநிலம் 1982 முதல் எண்ணெய் வருவாயில் உருவான நிதியத்திலிருந்து ஆண்டுதோறும் அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பங்கு தருகிறது. 2022இல் அது 3,284 டாலர். அங்கே மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை, பகுதிநேர வேலை சற்றுக் கூடியது என்கிறது ஜோன்ஸ், மரினெஸ்கு ஆகியோரின் ஆய்வு. பின்லாந்து 2017, 2018ஆம் ஆண்டுகளில் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. அவர்கள் மற்ற வேலையற்றோரைவிடச் சில நாள்கள் அதிகமாகவே வேலைக்குப் போனார்கள்.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான சான்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் பெற்றவர்களைப் பற்றி 2024இல் வெளியான பெரிய ஆய்வு, வாரத்துக்குச் சுமார் 1.3 மணி நேர வேலை குறைந்ததாகச் சொல்கிறது. அதாவது நாளுக்குப் பதினோரு நிமிடம். இதை வைத்து ஒட்டுண்ணிச் சமூகம் பிறந்துவிட்டது என்று யாராவது நிறுவ முடிந்தால் நிறுவட்டும்.

அடுத்தது சாராயம். ‘எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்.’ உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கையில் பணம் வந்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. பல இடங்களில் குறைந்திருந்தது. தமிழ்நாட்டுக் கணக்கும் சுவையானது. டாஸ்மாக் வருவாய் 2021-22இல் சுமார் 36,050 கோடி, 2022-23இல் 44,121 கோடி. கொரோனாவுக்குப் பிந்தைய அந்த எட்டாயிரம் கோடித் தாவல் உரிமைத் தொகை வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. தொகை வந்த 2023-24இல் வருவாய் 45,855 கோடி, உயர்வு இரண்டாயிரம் கோடிக்கும் குறைவு. உரிமைத் தொகைதான் குடியைக் குறைத்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. கூட்டியது என்று சொல்லவும் வழியில்லை. உண்மையில் பெண்களின் ஆயிரத்தில் முதலில் கை வைத்தது மதுக்கடை அல்ல. முதல் மாதமே சில வங்கிகள், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பணத்தைப் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, விலைவாசி. எல்லோர் கையிலும் பணம் புரண்டால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டாலர் கொடுக்கப்பட்டது. அந்தப் பகுதியின் பொருளாதாரத்துக்கு அது மிகப் பெரிய தொகை. அப்படியும் சராசரி விலை உயர்வு 0.1 சதவீதம் மட்டுமே. கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூரில் சுமார் இரண்டரை டாலராகச் சுழன்றது. பணம் பெறாத பக்கத்து வீட்டாரின் வருமானமும் உயர்ந்தது.

ஆனால் பிலிப்பைன்ஸ் வேறு பாடம் சொல்கிறது. பெரும்பாலோர் பணம் பெற்ற தொலைதூர ஊர்களில் முட்டை போன்ற சத்துணவின் விலை ஏறி, பட்டியலில் இடம்பெறாத ஏழை வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. பலருக்குக் கொடுத்து மீதிப் பேரைச் சந்தையில் விட்டால் இப்படித்தான் ஆகும். ‘தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று முழங்குபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 56 லட்சத்துக்கும் மேல் நிராகரிக்கப்பட்டன. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானாலே தகுதி போய்விடும். ஒரே மீட்டரில் கூட்டுக் குடும்பமாக இருக்கும் வீட்டுக்கும் அதே கணக்குதான்.

‘மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு’ என்பது மேடைகளில் கைதட்டல் வாங்கும் நான்காவது வாதம். ஏழைக்குத் தொழில் தெரியாது என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. தையல் தெரிந்தவளிடம் மெஷின் இருக்காது. மெஷின் இருப்பவளிடம் முதல் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்காது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கிழக்குச் செரோக்கி பழங்குடியினர், தங்கள் சூதாட்ட விடுதியின் லாபத்தில் ஒரு பங்கை 1996 முதல் உறுப்பினர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத் தந்தார்கள். அப்பகுதிக் குழந்தைகளை மனநல ஆய்வாளர்கள் அதற்கு முன்பிருந்தே கவனித்து வந்ததால் ஒப்பிட வசதியாக இருந்தது. பரம ஏழை வீடுகளின் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டு கூடுதலாகப் படித்தார்கள், குற்றங்களில் சிக்குவது குறைந்தது. யாரும் அவர்களுக்குத் தூண்டில் வகுப்பு எடுக்கவில்லை.

காசுக்கு எங்கே போவது? மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் போட்ட கணக்குப்படி, ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் வீதம் முக்கால்வாசி மக்களுக்குக் கொடுக்க நாட்டு வருமானத்தில் 4.9 சதவீதம் ஆகும். பெரிய தொகைதான். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி போகும் என்று அரசே சொன்னது. உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கியது 13,807 கோடி. முன்னதால் முதலாளிகள் சோம்பிப்போவார்களே என்று கவலைப்பட்டவர் யாருமில்லை.

அந்த ஆய்வறிக்கையோடு முரண்பட வேண்டிய இடமும் உண்டு. இப்போதுள்ள மானியங்களுக்குப் பதிலாகப் பணம் என்ற எண்ணம் அதில் ஓடுகிறது. புதுச்சேரியில் 2015இல் ரேஷன் தானியத்துக்குப் பதில் பணம் வந்தது. அரிசியா பணமா என்ற இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2024இல் ரேஷன் கடைகளை மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று. அரிசியின் அளவு விலைவாசியால் சுருங்காது, பணம் சுருங்கும். ஈரானில் 2010 முடிவில் மானியங்களைக் குறைத்து ஆளுக்கு மாதம் சுமார் 45 டாலர் மதிப்புள்ள ரியால் கொடுத்தார்கள். அங்கேயும் மக்கள் வேலையை விட்டு ஓடவில்லை. சில ஆண்டுகளில் பணவீக்கம்தான் அந்தத் தொகையைத் தின்றது.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2023-24இல் 294 ரூபாயாக இருந்த நாள் கூலி, 2025-26இல் 336 ரூபாயானது. உரிமைத் தொகைக்கு அப்படி ஆண்டுத் திருத்தம் எதுவும் கிடையாது. 2023இல் ஆயிரம், 2025 முடியும்போதும் அதே ஆயிரம்.