கொடியை இறக்கினார்கள், சட்டத்தை?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1860-ல் ஜனத்தொகை ஏழு லட்சம். அதில் நாலு லட்சம் பேர் அடிமைகள்! நெல்லும் பருத்தியும் அவர்கள் உழைப்பு. அந்த அடிமை முறையைக் காக்கத்தான் பண்ணை முதலாளிகள் யுத்தத்தில் இறங்கித் தோற்றார்கள்.

பஞ்சாலைகள் வந்தன. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் வேலை செய்யக்கூடாதென்று 1915-ல் சட்டம் போட்டார்கள். இதனால் லாபம் யாருக்கு என்று கேட்கிறோம். 1934 வேலைநிறுத்தத்தில், ஹோனியா பாத் மில்லுக்குக் காவல் நின்ற ஆயுதபாணிகள் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அவர்கள் வெள்ளைத் தொழிலாளிகள்தான்!

சந்தா கட்டாதவனுக்கும் சங்கம் வாங்கித்தந்த கூலி உயர்வு உண்டு என்று 1954-ல் இன்னொரு சட்டம். சங்கத்தின் கழுத்தை நெரிக்கும் இதற்குப் பெயர் ‘வேலை உரிமை’யாம்!

1961-ல் சட்டசபை மாடத்தில் ஏற்றிய அடிமை எஜமானர்களின் யுத்தக்கொடியை, சார்லஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பர் கொல்லப்பட்ட பிறகே, 2015-ல் அவ்வளாகத்திலிருந்து அகற்றினார்கள். 1954 சட்டத்தின் மீது மட்டும் இன்றுவரை கை வைக்கவில்லை.