விதியா? தூசியா?

இருபது வருஷம் ஆலையில் உழைத்த ஒருவனுக்கு மூச்சு முட்டினால், "முன்வினைப் பயன், யாரை நொந்து என்ன?" என்று விபூதி பூசி உட்கார வைத்துவிடுவது நமது நாட்டு வழக்கம். இது எவ்வளவு பெரிய புரட்டு என்பதற்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளின் சரித்திரமே சாட்சி.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் கல்நார் ஆலையில் வேலை செய்த ஒரு பெண் 1924-ல் தமது 33-வது வயதில் இறந்தார். அவர் உயிரோடிருந்து உதவி கேட்டபோது, கல்நாரில் விஷமே இல்லை என்று சொல்லி முதலாளிகள் கைவிரித்தார்கள். அவரது நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக், அதில் கல்நார்த் துகள்கள் இருக்கக் கண்டார். 1927-ல் அந்நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வைத்தார்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத கல் இழைகள் மூச்சோடு சென்று நுரையீரலில் தங்குகின்றன. உடம்பு அவற்றை அழிக்கமாட்டாமல், அவ்விடமெல்லாம் தழும்பேறி, பஞ்சுபோல் விரிய வேண்டிய உறுப்பு விறைத்துப்போகின்றது. தழும்பை மாற்ற மருந்தில்லை. வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் நோய் தலைகாட்டும். அந்த இடைக்காலந்தான் விதி பேசுகிறவர்களுக்கும் முதலாளிக்கும் செளகரியம்.

பிரிட்டிஷ் சர்க்கார் டாக்டர் மெரிவெதர் 363 தொழிலாளரைச் சோதித்து 1930-ல் அறிக்கை வெளியிட்டார். 95 பேருக்குத் தழும்பு இருந்தது. இருபது வருஷமும் அதற்கு மேலும் உழைத்தவர்களிலோ ஐந்தில் நால்வருக்கு இருந்தது. கர்மம் ஆலையின் ஆஜர்ப் பட்டியலைப் பார்த்தா மூச்சை அடைக்கும் என்று கேட்கின்றோம். தூசியில்லாத அறையில் கணக்கெழுதுகிறவருக்குப் பூர்வ ஜென்மம் கிடையாதா?

அங்கு 1931-ல் தூசியை அடக்கச் சட்டவிதிகள் வந்தன. முழுத் தடை வர 1999 ஆயிற்று. நம் நாட்டில் 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு, கல்நார்த் தொழிலாளரின் உடல்நிலைப் பதிவேட்டை 40 வருஷம் காக்க வேண்டுமென்று உத்தரவிட்டது.

ஆகவே தோழர்களே! தாயத்துக் கட்டுவதை விட்டு, தூசியை உறிஞ்சும் யந்திரத்தைக் கேளுங்கள், எக்ஸ்ரே பரிசோதனையைக் கேளுங்கள், பதிவேட்டைக் கேளுங்கள். கல்நார்க் கூரைத் தகட்டைக் காய்ந்தபடி அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். விதி என்று நாம் ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டிய பிரதிவாதி கடவுளாகிவிடுகிறார். அவரிடம் எந்தக் கோர்ட்டில் வசூலிப்பது?