தலையெழுத்தை எழுதியது யார்?

1931 மார்ச் 23. லாகூர் சிறையில் பகத்சிங்கையும் ராஜகுருவையும் சுகதேவையும் வெள்ளை ஏகாதிபத்தியம் தூக்கிலிட்ட நாள். பகத்சிங்குக்கு அப்போது வயது 23.

இன்று அவர் படத்துக்கு மாலை போட எல்லோரும் முந்துகிறார்கள். ஆனால் அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி அவர்களில் பலர் வாய் திறப்பதில்லை. “நான் ஏன் நாத்திகன்?” என்ற அந்தக் கட்டுரை, 1930 அக்டோபரில் சிறைக்குள் எழுதப்பட்டது. தமிழில் தந்தவர் தோழர் ஜீவா. அதற்காக பிரிட்டிஷ் சர்க்கார் அவரைக் கைது செய்தது.

ஒரு சிறு புத்தகத்தைக் கண்டு சர்க்கார் ஏன் நடுங்கியது? அதில் இருந்த கேள்விகள் அப்படிப்பட்டவை. எல்லாம் வல்ல கடவுள் இருந்தால், முதலாளிகளின் மனத்தில் புகுந்து, ஆலையும் நிலமும் எங்களுக்கே சொந்தம் என்ற எண்ணத்தை அவர் மாற்றக்கூடாதா? வெள்ளையன் ஆள்வது கடவுள் சித்தத்தாலா, துப்பாக்கியாலும் போலீசாலுமா? தூக்குக் கயிறு கண்முன் ஆடியபோதும், பிரார்த்தனையில் ஆறுதல் தேட மறுத்தவர் கேட்ட கேள்விகள் இவை.

1929 ஏப்ரல் 8 அன்று டில்லி சட்டசபையில் அவர் குண்டு வீசியபோது அங்கே எந்த மசோதா இருந்தது? தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையில் கைவைத்த தொழில் தகராறு மசோதா! அவருடைய நாத்திகம் பொழுதுபோக்கு வாதமல்ல.

ஆயுத பூஜையன்று முதலாளி மில்லில் கற்பூரம் கொளுத்துகிறார், பொரிகடலை கொடுக்கிறார். போனஸ் கேட்டாலோ கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார். தன் லாப நஷ்டத்தை அவர் கடவுளிடம் விடுவதில்லை. தொழிலாளியின் அரை வயிறு மட்டும் தலையெழுத்தாம்!

கீழத் தஞ்சையைப் பாருங்கள். பண்ணையாளுக்குச் சவுக்கடி, வாயில் சாணிப்பால். கேட்டால், போன ஜன்மத்துப் பாவம் என்றார்கள். நிலமோ மிராசுதார் பேரிலும், மடத்தின் பேரிலும், கோயிலின் பேரிலும் இருந்தது. 1940களில் தோழர் பி. சீனிவாசராவ் சேரிகளுக்குள் வந்தார், செங்கொடி ஏறியது. சவுக்கடி நின்றது, சாணிப்பால் நின்றது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முன்பும் அதே மாரியம்மன்தான் ஊர் எல்லையில் இருந்தாள். பின்பும் அவளே இருந்தாள். புதிதாக வந்தது எது? சங்கம்!

1968 டிசம்பர் 25 இரவு, வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மடிந்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததுமே அந்த ஊர் செய்த குற்றம். அதுவும் விதியா? இல்லை. தீ வைத்தவை மனிதக் கைகள்.

கடவுள் இல்லை என்பதே நம் கருத்து. அதை மறைத்துப் பேச நமக்கு அவசியமில்லை. ஆனால், சாமி கும்பிடும் தோழரை நாம் பரிகசிப்பதில்லை. மருந்துக்குக் காசில்லாத தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத்தான் ஓடுவாள். அவளைக் கேலி செய்பவன் அவளுடைய வறுமையை அறியாதவன். வேலைநிறுத்தம் நடக்கும்போது, ஆத்திகத் தொழிலாளி என்றும் நாத்திகத் தொழிலாளி என்றும் பிரிப்பவன் எதிரிக்கே துணைபோகிறான் என்று லெனின் 1909இல் எச்சரித்தார். சாமியின் பெயரால் நம்மைப் பிரிக்க வருகிறவர்களுக்கும் அதுவே பதில்.

தோழர்களே! கோயிலுக்கும் மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள் போய் வாருங்கள். வரும் வழியில் சங்கத்துக்கும் வாருங்கள். கூலி உயர்வு வரமாகக் கிடைத்ததில்லை. தலையெழுத்து என்று நமக்குச் சொல்லப்பட்டதெல்லாம் மிராசுதாரும் முதலாளியும் எழுதிய கணக்கு. மனிதன் எழுதியதை மனிதனால் அழித்து எழுத முடியும்!