வெற்றிக்குப் பின் பொற்கிழி, வெற்றிக்கு முன்?

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். வயலிலும் செங்கற் காளவாயிலும் கூலி வேலை செய்த பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். காலணி வாங்க வழியின்றி வெறுங்காலுடன் ஓடியவர், 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண் பெண் கலந்த 4 × 400 மீட்டர் தொடரோட்டத்தில் ஓடினார். அதன்பின் நாடே புகழ்ந்தது. நன்று. ஆயின், வெறுங்காலுடன் ஓடிய நாளில் அப்பெண்ணைக் கண்டறிந்தவர் பயிற்சியாளர் ஒருவரே. பெண்பிள்ளையை ஓட விடுவதா என்ற உறவினர் ஏச்சைத் தாங்கி நின்றவர் அப்பாட்டி. அப்படியொரு பயிற்சியாளர் வந்து சேராத ஊர்களே மிகப் பல.

“ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு? படித்தாற் போதாதா?” என்று கேட்போர், தம் பிள்ளைகளை மட்டும் மாலைதோறும் கட்டணங் கட்டி நீச்சலுக்கும் பூப்பந்துக்கும் அனுப்புகின்றனரே!

பள்ளிதோறும் விளையாட்டுத் திடலும் கருவிகளும் வேண்டும் என்கின்றது 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம். நடுவணரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் விளையாட்டுக் கருவிகட்கென வகுத்ததோ, ஆண்டிற்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 உருபா, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, அதற்கு மேற்பட்ட பள்ளிகட்கு 25,000. அதுவும் உச்ச அளவே. ஐந்நூறு மாணவர் பயிலும் உயர்நிலைப் பள்ளியில் இது தலைக்கு ஐம்பது உருபா ஆகும். ஒரு பந்தின் தோல் கூட அதற்குக் கிடைக்காது. அத்திட்டத் தொகையையும், பி.எம். சிறீ பள்ளி ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை என்று 2024-25-இல் தமிழ்நாட்டிற்கு நிறுத்தி வைத்தனர்.

காசே வேண்டாத விளையாட்டு என்று நாம் பெருமை பேசும் சடுகுடுவின் நிலையும் மாறிவிட்டது. 1990-இல் பெய்சிங்கு ஆசிய விளையாட்டில் இடம்பெற்ற அவ்வாட்டம், இன்று பெரும்போட்டிகளில் செயற்கை விரிப்பின்மேல், காலணியுடன் ஆடப்பெறுகின்றது. புழுதியிற் பழகிய சிற்றூர்ச் சிறுவன் விரிப்பில் முதன்முறை கால்வைப்பது பெரும்பாலும் தேர்வு நாளன்றுதான். அவன் வழுக்கி விழுந்தால், திறமை போதாது என்று எழுதிவிடுகின்றனர்.

இவற்றினும் கொடியது பசி. நண்பகலிற் பள்ளியில் உண்ட பிள்ளை மாலை ஐந்து மணிக்கு எதை நம்பி ஓடும்? வீட்டிலோ தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையரும் காத்திருக்கின்றனர். பயிற்சிக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்பது எளிது.

வென்றவர்க்குப் பொற்கிழி வழங்க வேண்டா என்பதன்று கருத்து. அதில் ஒரு பங்கேனும் முன்கூட்டியே வரட்டும்: திடலில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு பிடி அவித்த கொண்டைக்கடலை, ஒரு முட்டை, ஓர் இணை காலணி, போட்டி நடக்கும் ஊருக்குப் பேருந்துக் கட்டணம். நம் தமிழ் மன்றங்கள் ஒரு விழாவிற் பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில், ஓர் அணிக்குப் பல நாள் கடலை அவிக்கலாம். தேர்வு நெருங்குமுன்பே கணக்குப் பாடம் விழுங்கிவிடும் விளையாட்டு வேளையை மீட்டுத் தருமாறு பெற்றோர் தலைமையாசிரியரைக் கேட்கலாம். அதற்குக் காசும் வேண்டுவதில்லை.