அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?



என் மச்சான், அதாவது என் துணைவியாரின் தம்பி, மறைந்த செய்தி பார்த்து நிறையப் பேர் இரங்கல் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த மூன்று வாரத்தில் துக்க வீட்டில் காதில் விழுந்த சில பேச்சுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. கொஞ்சம் நீளும். என் வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் தாராளமாக விடலாம்.

அவர் விவசாயி. சமயபுரத்துக்குப் பக்கத்தில், பெருவளை வாய்க்கால் பாசனத்தில், சொந்தமாக ஒன்றேகால் ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். சம்பா பட்டத்தில் பொன்னி போட்டிருந்தார். காலையில் தண்ணீர் பார்க்கப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு. கதிர் பால் பிடிக்கிற நேரம்.

அடக்கத்துக்கு முந்தின இரவு, ஜெபம் சொல்ல வந்த பெரியவர் ஒருவர், அழுதுகொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்து, "விசுவாசமுள்ளவங்க இப்படி அழலாமாம்மா? அவரு ஆண்டவர்கிட்ட போயிட்டாரு, சந்தோசப்படணும்" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பெண் (எனக்குத் தங்கை முறை) சட்டென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் சத்தம் வெளியே வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் கையில் எடுப்பது பவுலடியார் தெசலோனிக்காவில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தைத்தான். ஏறக்குறைய கி.பி. 50 வாக்கில் எழுதியது. ஆண்டவர் சீக்கிரம் திரும்பி வருவார் என்று காத்திருந்த மக்கள் அவர்கள். அதற்குள் சிலர் இறந்துபோகவே, செத்தவர்கள் தவறவிட்டுவிடுவார்களோ என்று தவித்தார்கள். அவர்களுக்குத்தான் பவுல், எதிர்நோக்கு இல்லாதவர்கள் வருந்துவதைப் போல நீங்கள் வருந்த வேண்டாம் என்ற பொருளில் எழுதினார். தமிழ் வாத்தியாராக முப்பத்திரண்டு வருடம் இலக்கணம் நடத்தியவன் கேட்கிறேன்: "குடிகாரனைப் போல் நடக்காதே" என்று ஒருவனிடம் சொன்னால், அவன் நடக்கவே கூடாது என்றா அர்த்தம்? 'போல்' என்கிற சொல்லை விழுங்கிவிட்டு வசனம் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

லாசரின் கல்லறைக்கு முன்னால் இயேசுவே அழுதார். இதை நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். இன்னும் சற்று நேரத்தில் லாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மார்த்தா ஞானோபதேச வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளை மாதிரி, கடைசி நாளில் எழுவான், தெரியும் என்று சரியாகப் பதில் சொல்கிறாள். மரியா பதில் எதுவும் சொல்லவில்லை, காலில் விழுந்து அழுகிறாள். அவள் அழுவதைப் பார்த்துத்தான் அவர் கலங்கினார். விடை தெரிந்தவரே அழுதார் என்றால், விடைக்காகக் காத்திருக்கிறவர்கள் அழுவதில் என்ன விசுவாசக் குறைவு வந்துவிடும்?

'எதிர்நோக்கு' என்று எழுதினேனே, அது கத்தோலிக்கத் திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பில் வந்த பிறகு நம் பக்கம் பழகிய சொல். முன்பெல்லாம் விசுவாசம், நம்பிக்கை என்போம். இப்போது 'நம்பிக்கை' முந்தைய விசுவாசத்தின் இடத்துக்கு நகர்ந்துவிட்டது, முந்தைய நம்பிக்கைக்கு 'எதிர்நோக்கு' வந்துவிட்டது. 2025 யூபிலி ஆண்டில் கோயில் கோயிலாகப் பேனரில் பார்த்திருப்பீர்கள். முதலில் எனக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை, அலுவலகக் கடித வாடை அடிக்கிறதே என்றிருந்தது. மச்சானோடு வரப்பில் நின்ற பிறகு பிடித்துப்போனது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். முக்கொம்பு தாண்டி நம் வாய்க்காலுக்கு வர நாளாகும். நாற்றங்காலுக்கு விதையை ஊறப்போட்டு, மூட்டம் கட்டி வைத்துவிட்டு, மனுசன் தலைமடையைப் பார்த்து நிற்பார். தண்ணீர் கண்ணில் படவில்லை, ஆனால் விதை சாக்குக்குள் முளை விட்டுக்கொண்டிருக்கிறது. எதிரே நோக்கி நிற்பது என்றால் அதுதான். அந்த நிற்பில் பயமும் இருக்கும். பயமே இல்லாத விவசாயியை நான் பார்த்ததில்லை.

விதை என்றதும் இன்னொன்று. அடக்கப் பூசையில் கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி யோவான் நற்செய்தியிலிருந்து வாசித்தார்கள். என் மாணவி ஒருத்தி, இப்போது உயிரியல் ஆசிரியை, பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, விதை நெஜமா சாகறதில்லையே?" சரிதான், முளைக்கரு சாவதில்லை. ஆனால் விதைத்தவன் மறுபடி அந்த நெல்லைக் கையில் எடுக்க முடியாது. உமி மக்கிப்போகும், வெளியே வருவது வேறு உருவம். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அதே ஆள்தான், ஆனால் உருமாறியவர் என்கிறார்.

நம்மூர் ஆறுதல் ஒன்று உண்டு, "வாழையடி வாழையா மகன் இருக்கான், கவலைப்படாதே" என்பது. திருச்சி பக்கம் வாழைக்குக் குறைவில்லை, அதனால் இதைச் சொல்லாத துக்க வீடும் இல்லை. தார் வெட்டியதும் தாய் மரத்தைச் சாய்த்துவிடுவோம், பக்கக் கன்று மேலே வரும். அழகான பேச்சு. ஆனால் கிறிஸ்தவ எதிர்நோக்கு அது அல்ல. கன்று வேறு, தாய் வேறு. மகன் இருக்கிறான் என்பதால் அப்பா இல்லாத குறை தீர்ந்துவிடாது. அந்த அப்பாவையே, அந்தப் பெயர் சொல்லியே, கடவுள் திரும்ப எழுப்புவார் என்பதுதான் நாம் சொல்வது. மற்றவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றலாம். எனக்கே சில ராத்திரிகளில் தோன்றுகிறது. ஆனாலும் அதைக் குறைத்து, எளிதில் ஏற்கும்படியான வாழைக்கன்றாக மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்போது, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விசயத்துக்கு வருகிறேன். பெட்டி வீட்டில் இருக்கும்போதே தெரிந்தவர் ஒருவர் என் காதோரம் வந்து, "மருந்து கிருந்து ஒண்ணும் இல்லையே, சார்?" என்றார். விவசாயி திடீரென்று செத்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 2016இல் மேட்டூர் அணையைத் திறக்கவே செப்டம்பர் ஆகிவிட்டது. பிறகு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. டெல்டாவில் நட்ட பயிர் கருகியதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்களும் உண்டு, பூச்சிமருந்தை எடுத்தவர்களும் உண்டு. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். அந்த மார்ச்சில் நம் திருச்சி வக்கீல் அய்யாக்கண்ணு விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வறட்சியால் யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. செத்தவன் எப்படிச் செத்தான் என்பதே வழக்காகிப்போன வருடம் அது.

என் சிறு வயதில் எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஒரு மண்மேடு இருந்தது. சிலுவை கிடையாது. கல்லறைத் திருநாளில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும், அங்கே மட்டும் எரியாது. யாரென்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். 1917இல் வந்த திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகவே பேசுகிறது: கடுமையான மனவேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்கிறது. சட்டம் மாறி நாற்பது ஆண்டு தாண்டிவிட்டது, ஆனால் நம் வாய் மாறவில்லை. "அவனுக்கு மோட்சம் கிடையாது" என்று விதவையின் காதுபடப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் மச்சான் மாரடைப்பில்தான் போனார். அப்படி இல்லாமல் வேறு விதமாகப் போயிருந்தாலும் அதே பூசை, அதே மெழுகுவர்த்தி, அதே எதிர்நோக்குதான் அவருக்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: இதைப் படிக்கிற யாருக்காவது கடனோ வேறு எதுவோ கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் எனக்குப் போன் போடுங்கள். என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 104க்குக் கூப்பிடுங்கள், அல்லது 14416.

ஆறுதல் வாயால் மட்டும் வருவதில்லை. அடக்கம் முடிந்த அன்று இரவு வயலில் தண்ணீர் ஏறியிருந்தது. யார் மடை திருப்பியது என்று விசாரித்தால், பக்கத்து வயல்காரர். வருடா வருடம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி கிடப்பாள் என்பது எங்கள் ஊர் மரபு. எங்கள் தவக்காலமும் பல வருடங்களில் அதே நாட்களில்தான் வரும். மச்சானும் அவரும் ஒரே நேரத்தில் விரதம் இருந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். அவர் துக்க வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பயிர் காய்ந்தால் அவள் இரண்டாம் முறை அழ வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் முப்பது வருடம் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்தவள். ஆனால் பட்டா அவர் பெயரில். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் அவர் பெயரில். குத்தகைக்குக் காகிதமே கிடையாது. நிலம் பெயரில் இல்லாத பெண்களை இந்த நாடு விவசாயி என்றே எண்ணுவதில்லை என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பல வருடமாக எழுதிவருகிறார். என் வீட்டுக் கூடத்தில் அதை இப்போது பார்க்கிறேன்.

உங்களில் கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள், வக்கீல்களும் இருக்கிறீர்கள். வாரிசுச் சான்றுக்கு மனு போட்டாயிற்று. பட்டா மாற்றமும், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் இயற்கை மரண உதவியும் கேட்க வேண்டும். உறுப்பினர் அட்டை இருக்கிறது, வேறென்ன காகிதம் வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். பயிர்க்கடனைப் பற்றி யாரிடம் பேசுவது என்பதையும். பணம் அனுப்ப வேண்டாம், தங்கச்சி வாங்க மாட்டாள்.

முப்பதாம் நாள் பூசை வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. அறுவடை தை முதல் வாரம் என்று பக்கத்து வயல்காரர் கணக்குச் சொல்கிறார், மிஷினுக்கும் அவரே சொல்லி வைத்துவிட்டார். சாக்குப் பிடிக்க நாலு ஆள் வேண்டும். திருச்சியில் இருக்கிற பையன்கள் யார் யார் வருவீர்கள் என்று கீழே சொல்லிவிடுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.