விழுந்தவர் யாருடைய ஆள்?



கொஞ்சம் நீளமான பதிவுதான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்டப்போகிறவர்களும், கொத்து வேலை பார்ப்பவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் மூன்று வகையினரும் இருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் வீடு எழுப்புகிறவரும் என் மாணவர்தான்; அதே மாதிரி ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டுகிறவரும் என் மாணவர்தான். அதனால் இதை ஒரு பக்கம் சாய்ந்து எழுத முடியாது.

வேலை நடக்கும்போது எல்லோரும் "நம்ம ஆளுங்க" என்கிறோம். டீ வாங்கிக் கொடுக்கிறோம், பூமி பூஜைக்கும் நிலை வைப்பதற்கும் வேட்டி துண்டு கொடுக்கிறோம். ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டால் மட்டும் அவர் யாருடைய ஆளும் இல்லாமல் போய்விடுகிறார்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்தது. முதல் மாடி சென்ட்ரிங் பிரிக்கும்போது ஒருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால், "நான் சதுர அடி ரேட்டுக்கு மேஸ்திரிகிட்ட விட்டுட்டேன் சார். அவர் யாரைக் கூட்டிட்டு வர்றாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். மேஸ்திரி, "சென்ட்ரிங் தனி ஆளு சார். நானே கரண்டி பிடிச்சுக் கொத்து வேலை பாக்குறவன்தான்" என்றார். சென்ட்ரிங் வேலை எடுத்தவர், "அவரு அன்னைக்கு ஒருநாள் வந்தவரு" என்றார். இன்ஜினியரோ பிளான் போட்டுக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்றார்.

இந்த நால்வரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த நால்வரின் உண்மைகளுக்கு நடுவில் அந்த மனிதரின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் கடன் கேட்டுப் போன் செய்துகொண்டிருந்தார்.

இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் பேசப்படுவதில்லை, புதிதும் இல்லை. 1968 ஜூலை 6 அன்று ஒரிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு மாதச் சம்பளம் 120 ரூபாய். ஆகஸ்டில் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பத்தே நாளில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது: இவர் எங்கள் ஊழியர் இல்லை, எப்போதாவது வந்து வேலை எடுக்கும் கான்ட்ராக்டர், விபத்துக்கும் அவருடைய கவனக்குறைவே காரணம்.

நம் தெருவில் இன்று கேட்கிற அதே இரண்டு வாக்கியங்கள்!

பெர்ஹாம்பூரில் இருந்த இழப்பீட்டு ஆணையர் அதை ஏற்கவில்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்று 9,800 ரூபாய் இழப்பீடும், காலத்தில் கொடுக்காததற்கு அதில் பாதியாக 4,900 ரூபாய் அபராதமும், வட்டியும் கொடுக்கச் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அந்த உத்தரவை உறுதிசெய்தார்கள். விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டிய கடமை தொடங்கிவிடுகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளிலிருந்து அல்ல என்றும் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் கையை இழந்த ஒரு தச்சர் அதற்காக ஏழு வருடத்துக்கு மேல் காத்திருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

1978-இல் கோழிக்கோட்டுக் கயிறு தொழிற்சாலை வழக்கு வந்தது. அது விபத்து வழக்கு அல்ல, வேலைநீக்க வழக்கு. ஆனால் கேள்வி இதேதான். அந்த ஆட்கள் கான்ட்ராக்டர்களின் ஆட்கள் என்றார் தொழிற்சாலைக்காரர். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொடுத்த தீர்ப்பின் சாரம் இது: யாருடைய தொழிலுக்காக உழைப்பு போகிறதோ, யார் வேலையை நிறுத்தினால் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியாதோ, அவர்தான் உண்மையான முதலாளி, நடுவில் எத்தனை பேர் நின்றாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புரிய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்றது சட்டம். அதற்குப் பிறகு பல இடங்களில் பண்ணையாள் என்ற ஏற்பாடே மறைந்து, அதே மனிதர் அதே வயலில் தினக்கூலி ஆனார். பெயர் மாறியதும் பொறுப்பும் கழன்றுகொண்டது. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின், அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் சித்தாளாகவும் கொத்தனாராகவும் டவுனுக்கு பஸ் ஏறுகிறார்கள். வயலில் பார்த்த பழைய வித்தையை அவர்களிடம் கட்டடத்திலும் நாம் காட்டக்கூடாது என்பதே என் கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? 1923-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நூறு வருடமாக இதற்கு அடிப்படை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் வந்திருக்கிறது. இழப்பீட்டுக்கான ஏற்பாடு அதிலும் தொடர்கிறது. மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

ஒன்று, "ஒருநாள் வந்தவர்" என்ற சாக்கு. முதலாளியின் தொழில் சம்பந்தமில்லாமல் எப்போதாவது வேலைக்கு வருகிறவரை அந்தச் சட்டம் முன்பு விலக்கி வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே நீங்களே நேரடியாக ஆள் பிடித்து நாள் சம்பளம் கொடுத்தால், ஒரு நாள் வேலையானாலும் உங்கள் மீது பொறுப்பு வரலாம்.

இரண்டு, "கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டேன்" என்ற சாக்கு. கட்டுமானத்தையே தொழிலாகச் செய்கிற நிறுவனம் அந்த வேலையை உள்கான்ட்ராக்ட் விட்டாலும், விழுந்தவர் அந்த நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் கொடுத்துவிட்டு உள்கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது சட்டம். 2014-இல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2015 மார்ச்சில் நம் திருவாரூர் அருகே நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து உயிர்கள் போயின. இப்படிப்பட்ட பெரிய வேலைகளுக்காகத்தான் அந்த விதி.

மூன்று, அந்த விதியில் உள்ள ஓட்டை. தான் குடியிருக்க வீடு கட்டுகிறவருக்குக் கட்டுமானம் தொழில் அல்ல. அவர் முழு வேலையையும் மேஸ்திரியிடம் விட்டுவிட்டால், பொறுப்பு பெரும்பாலும் மேஸ்திரி தலையில்தான் போய் நிற்கும். நம் ஊர் வழக்குகளின் சிக்கல் முழுவதும் இங்கேதான்.

அந்த மேஸ்திரி யார்? கூட வேலை செய்கிறவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கையில் பார்ப்பவர், அவ்வளவுதான். தொகையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாற்பது வயதுத் தொழிலாளிக்கு முழு ஊனம் என்றால், மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை 184.17-ஆல் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு பழைய சட்டத்தின்கீழ் 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அதன்படி 9,000 × 184.17 = 16,57,530 ரூபாய். சொந்தமாக ஓட்டு வீடும் ஒரு பழைய பைக்கும் வைத்திருக்கும் மேஸ்திரியிடம் இந்தத் தொகைக்கு உத்தரவு வாங்கி என்ன பயன்? விழுந்தவர் ஜெயிப்பார், பணம் வராது. நேற்றுவரை ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட இரண்டு குடும்பங்கள் ஜென்மப் பகையாகும்.

வீடு கட்டுகிறவர்கள் சொல்வதையும் நான் தள்ளவில்லை. "இருபது வருஷ லோன் போட்டுக் கட்டுறேன் சார், பதினாறு லட்சத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று ஒரு பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் தொகையை நீங்களும் தாங்க முடியாது, மேஸ்திரியும் தாங்க முடியாது. தாங்கக்கூடியது இன்ஷூரன்ஸ் ஒன்றுதான். தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி என்று பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிலேயே இருக்கிறது. எத்தனை ஆள், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று சொல்லி, வேலை நடக்கும் காலத்துக்கு எடுக்கலாம். டைல்ஸுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! இதற்கும் ஒரு நாள் ஏறி விசாரியுங்கள். மேஸ்திரியின் பெயரில் எடுத்தாலும் பிரீமியத்தை நீங்கள் கொடுங்கள். சிமெண்ட், கம்பி மாதிரி அதுவும் வீட்டுச் செலவுதான்.

"பிளான் அப்ரூவலுக்கே 1 சதவீதம் தொழிலாளர் நலநிதி கட்டிவிட்டேனே" என்பார்கள் சிலர். அது கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் கொடுக்கும் உதவித்தொகைக்கானது. உதவித்தொகை வேறு, இழப்பீடு வேறு. ஒன்று வந்தால் மற்றொன்றின் பொறுப்பு தீராது.

வேலை தொடங்கும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் ஆள் கூட்டி வருவது, யார் சம்பளம் கொடுப்பது, சென்ட்ரிங், எலெக்ட்ரிகல், பெயிண்டிங் யார் பொறுப்பு, பாலிசி யார் பெயரில். "விபத்துக்கு நான் பொறுப்பல்ல" என்று மட்டும் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்காதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. இறப்பு நேர்ந்துவிட்டால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பத்திரத்தில் எழுதி ரொக்கமாகக் கொடுத்து முடிப்பதும் அப்படித்தான். பழைய சட்டப்படி அந்த இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது இழப்பீட்டில் சேராது.

இனி கொத்து வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு. நலவாரியத்தில் பதிவு இல்லாதவர்கள் உடனே பதிவு செய்யுங்கள். வேலை நாள், கொடுத்த சம்பளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்பளத்தை ஜிபே-யில் வாங்கினால் அதுவே சாட்சி. விபத்து என்றால் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் முதலில் என்ன எழுதுகிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். "வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு, செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு நீங்கள் வேலையில் விழுந்தீர்கள் என்று நிரூபிக்கவே வருடங்கள் போய்விடும். மனு கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய சட்டத்தில் 2 ஆண்டுதான் கெடு. கவனக்குறைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அதற்காக பெல்ட் போடாமல் ஏறாதீர்கள். பணம் வரும், இடுப்பு வராது.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். பிளான் அப்ரூவல் கொடுக்கும்போது நலநிதி ரசீதைக் கேட்கிறீர்கள். அதோடு தொழிலாளர் பாலிசி நகலையும் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு யாருடைய ஆள் என்று ஏழு வருடம் தேடுவதைவிட, அஸ்திவாரம் தோண்டும்முன் ஒரு காகிதம் கேட்பது எளிது.

இந்தத் தை மாதத்தில் வேலை தொடங்கப் போகிறவர்கள் என் பக்கத்தில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். பாலிசி எடுத்தவர்கள் எந்த நிறுவனம், எத்தனை ஆளுக்கு எவ்வளவு பிரீமியம் என்று கீழே எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும். மேஸ்திரிகளுக்கும் இதை அனுப்புங்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்